நாமாந்தர்: ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்

மராத்தி தலித் இலக்கியத்தை மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் 'நாமாந்தர்' என்னும் சொல்லை எங்கேனும் கடந்து வந்திருக்கக்கூடும். ரூபாந்தரம், தேசாந்தரம் போல நாமாந்தரம். வேறு பெயர், அல்லது பெயர் மாற்றம். அகராதி தரும் பொருள் இவ்வளவுதான். ஆனால் மராத்தியில் எந்த அடைமொழியும் இல்லாமல் 'நாமாந்தர்' என்று சொன்னால் அது ஒரே ஒரு நிகழ்ச்சியையே குறிக்கும். ஔரங்காபாத்தில் இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று எழுந்த கோரிக்கையும், அதையொட்டி நடந்தவையும் அச்சொல்லுக்குள் அடங்கிவிட்டன. மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் பெயர் மாற்றத்துக்கான தீர்மானத்தை நிறைவேற்றிய நாள் 1978 ஜூலை 27. பெயர் வந்து சேர்ந்த நாள் 1994 ஜனவரி 14. ஓர் அரசு தானே எடுத்த முடிவைத் தானே நிறைவேற்ற ஏறத்தாழ 16 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். சாலைக்கும் சதுக்கத்துக்கும் பெயர் வைக்க நகராட்சித் தீர்மானம் போதும். அரசு மருத்துவமனைக்கு ஓர் அரசாணை போதும். பல்கலைக்கழகத்தின் கதை வேறு. மாநிலப் பல்கலைக்கழகம் என்பது சட்டத்தின் வயிற்றில் பிறப்பது. 'இன்ன பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும். அது நிலைத்த தொடர்ச்சியும் பொது முத்திரையும் உடைய அமைப்பாக இருக்கும். அந்தப் பெயரால் வழக்குத் தொடுக்கலாம், அதன்மேல் வழக்குத் தொடுக்கப்படலாம்' என்ற பொருளில் அதன் சட்டம் தொடங்கும். அதாவது பெயரே அதன் உயிர். எனவே சட்டமன்றம் 'மாற்ற வேண்டும்' என்று தீர்மானிப்பது ஒன்று. சட்டத்தில் உள்ள சொற்களைத் திருத்தி, பழைய பெயரில் வழங்கிய பட்டங்கள், செய்த ஒப்பந்தங்கள், நிலுவையில் உள்ள வழக்குகள் அனைத்தும் புதிய பெயருக்கு உரியனவாகக் கொள்ளப்படும் என்று விதி செய்வது இன்னொன்று. முன்னது விருப்பம்; பின்னது செயல். 1978இல் மகாராஷ்டிரத்தில் நடந்தது முன்னது மட்டுமே.

மராத்வாடா அன்று 5 மாவட்டங்கள்: ஔரங்காபாத், பர்பணி, பீட், நாந்தேடு, உஸ்மானாபாத். மராத்தி பேசும் நிலப்பகுதி என்றாலும் 1948 செப்டம்பர் 17 வரை நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல் பம்பாய் மாநிலத்தோடு இணைந்தது, 1960இல் மகாராஷ்டிரம் ஆனது. பம்பாயும் புணேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே கல்லூரிகளும் அச்சகங்களும் கண்டுவிட்டிருக்க, மராத்வாடாவின் இளைஞன் பட்டம் பெற ஹைதராபாத்தைப் பார்த்திருந்தான். அங்கே உஸ்மானியாப் பல்கலைக்கழகம். அதன் பெயரும் ஓர் ஆளின் பெயர்தான். 1918இல் அதை நிறுவிய நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயர். அரசர் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ள யாரிடமும் தீர்மானம் கேட்க வேண்டியதில்லை! 1958 ஆகஸ்ட் 23 அன்று ஔரங்காபாத்தில் மராத்வாடாவுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது, அது நிலத்தின் பெயரைப் பெற்றது. நிஜாமை எதிர்த்துப் போராடிய தலைமுறைக்கு அந்த நிலப்பெயர் வெறும் திசைப்பெயர் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எதிர்ப்பின் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது.

அம்பேத்கருக்கும் ஔரங்காபாத்துக்கும் உள்ள உறவு பல்கலைக்கழகத்தைவிடப் பழையது. 1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. அடுத்து அவர் தேர்ந்தெடுத்த இடம் பம்பாயோ புணேயோ அல்ல, ஔரங்காபாத். 1950இல் அங்கே கல்லூரி தொடங்கியது. உயர்கல்வி எட்டாத ஒரு பகுதியில், அதிலும் எட்டாதவர்களுக்கு எட்டும்படி ஒரு கல்லூரி. அதற்கு வைக்கப்பட்ட பெயர் 'மிலிந்த்', வளாகத்துக்கு 'நாகசேனவனம்'. பாலி மொழி நூலான மிலிந்த பஞ்ஹாவை அறிந்தவர்கள் புன்னகைப்பார்கள். கிரேக்க மரபினனான மிலிந்த அரசன் பௌத்தத் துறவி நாகசேனரைச் சந்தித்ததும் கேட்கும் முதற்கேள்வியே பெயரைப் பற்றியது. என்னை நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆயினும் அது வழக்குச் சொல்லே, அப்பெயருக்குள் நிலையான ஓர் ஆள் இல்லை என்பார் துறவி. தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்ற புகழ்பெற்ற உவமை அங்கேதான் வருகிறது. பெயர் வெறும் வழக்கு என்ற தத்துவ உரையாடலை நினைவூட்டும் பெயர் கொண்ட கல்லூரி, பெயருக்காக இந்தியாவிலேயே மிக நீண்ட போராட்டங்களுள் ஒன்று நடந்த நகரில் இருக்கிறது. வரலாற்றில் இப்படியான பொருத்தங்களை யாரும் திட்டமிடுவதில்லை.

மிலிந்த் கல்லூரியில் பயின்று வெளிவந்த முதல் தலைமுறைதான் மராத்தி இலக்கியத்தின் திசையை மாற்றியவர்களில் ஒரு பகுதி. அதன் முதல்வராக இருந்த எம். என். வான்கடே தலித் இலக்கியம் என்ற கருத்தாக்கத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். கங்காதர் பான்தாவணே 1960களின் இறுதியில் ஔரங்காபாத்திலிருந்து தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ்தான் பல தலித் எழுத்தாளர்களின் முதல் களம். நாம்தேவ் தசால், ராஜா டாலே, ஜே. வி. பவார் ஆகியோர் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கியபோது அவர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வாசக உலகம் இருந்தது. சிற்றிதழ் மரபில் வந்த நமக்கு இது புரியும். சில நூறு படிகள் அச்சிடும் ஓர் இதழ் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் அஸ்மிதாதர்ஷைத்தான் சுட்டுவது வழக்கம். 'அஸ்மிதா' என்றால் தன்னடையாளம், தன்மானத்தோடு கூடிய 'நான்' உணர்வு. இந்தச் சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்க.

1977இல் பெயர் மாற்றக் கோரிக்கை வலுப்பெற்றது. அப்போதைய முதல்வர் வசந்த்தாதா பாட்டீல் செய்வதாக வாக்களித்தார். அவரது அரசைக் கவிழ்த்து, 37 வயதில் சரத் பவார் முதல்வரானது 1978 ஜூலை 18. ஒன்பதே நாட்களில் தீர்மானம். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவும் முன்பே இசைவு தந்திருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தீர்மானம் நிறைவேறிய உடனேயே மராத்வாடா எரியத் தொடங்கியது.

முதலில் மாணவர் கிளர்ச்சி: கடையடைப்பு, பேருந்து எரிப்பு, தண்டவாளப் பெயர்ப்பு. சில நாட்களில் அது கிராமங்களுக்கு இறங்கியது. நூற்றுக்கணக்கான கிராமங்களில் சேரிகள் தாக்கப்பட்டன. வீடுகள் கொளுத்தப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நாந்தேடு, பர்பணி மாவட்டங்களில் கொடுமை மிகுதி. நாந்தேடு மாவட்டத்தின் டெம்பூர்ணி கிராமத்தில் போச்சிராம் காம்ப்ளே என்பவர் கொல்லப்பட்டார். நாமாந்தர் பாடல்களிலும் நினைவுக் கூட்டங்களிலும் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது.

இங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மாறினால் டெம்பூர்ணியின் நிலவுடைமையாளருக்கு என்ன இழப்பு? அந்தச் சேரியில் எரிந்த குடிசைகளில் இருந்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திருப்பார்கள்? கேல் ஆம்வெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அன்றே இக்கேள்வியை எழுப்பினார்கள். பெயர் ஒரு தீப்பொறி. விறகு ஊரிலேயே அடுக்கப்பட்டிருந்தது. தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மகர்கள், அதிலும் 1956க்குப் பிறகு பௌத்தம் தழுவியவர்கள். செத்த மாட்டை இழுப்பது, ஊர்ச்செய்தி சுமப்பது போன்ற பரம்பரைக் கடமைகளைச் செய்ய மறுத்தவர்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான 'காய்ரான்' நிலங்களைத் திருத்திப் பயிரிடத் தொடங்கியவர்கள். 1972ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தை ஒட்டி விரிந்த வேலை உறுதித் திட்டம், நிலவுடைமையாளரின் கூலியை மட்டுமே நம்பியிராத ஒரு வழியையும் காட்டியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இடஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்குப் போய் வெள்ளைச் சட்டையுடன் ஊருக்கு வந்தார்கள். இவையெல்லாம் தனித்தனியே பொறுத்துக்கொள்ளப்பட்ட அவமதிப்புகள். இவை அனைத்துக்கும் சட்டமன்றம் முத்திரை குத்திவிட்டது என்ற செய்திதான் தீர்மானம் கிராமத்துக்குக் கொண்டுபோன பொருள். தம் பட்டச் சான்றிதழில் அந்தப் பெயர் பொறிக்கப்படுவதை விரும்பாத மாணவனின் கோபமும், 'இனி இவர்கள் நம் பேச்சைக் கேட்பார்களா' என்ற பெருவிவசாயியின் அச்சமும் ஒரு வாரத்துக்குள் ஒன்றாயின.

எதிர்த்தவர்கள் அனைவரும் குடிசை கொளுத்தியவர்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதல்ல. ஹைதராபாத் விடுதலைப் போராட்டத்தின் மதிப்புமிக்க தலைவர் கோவிந்த்பாய் ஷ்ராஃப் பெயர் மாற்றத்தை எதிர்த்தார். 'மராட்வாடா' நாளிதழின் ஆசிரியர் அனந்த் பாலேராவும் எதிர்த்தார். இவர்கள் பிற்போக்காளர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் அல்லர். நிஜாமிடமிருந்து மீட்ட மண்ணின் பெயர் அது, மராத்வாடாவின் அஸ்மிதா அதில் இருக்கிறது என்பது அவர்கள் தரப்பு. பான்தாவணே தம் இதழுக்குச் சூட்டிய அதே சொல்! ஒரே சொல்லை இரு தரப்பும் பற்றிக்கொண்டிருந்தன. என் பார்வையில் அவர்கள் வாதத்தின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. அதன் கண்ணோட்டத்தைத்தான் ஐயுற வேண்டும். மராத்வாடா என்ற 'நாம்' என்பதற்குள் போச்சிராம் காம்ப்ளே இருந்தாரா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இருந்திருந்தால், அம்பேத்கரின் பெயர் மராத்வாடாவுக்கு வெளியிலிருந்து வரும் பெயராக அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

கலவரத்தைக் கண்டு அரசு தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது. சட்டத் திருத்தம் வரவில்லை. 1979இல் பேராசிரியர் ஜோகேந்திர கவாடே தலைமையில் நாக்பூரின் தீட்சாபூமியிலிருந்து ஔரங்காபாத் நோக்கி நெடும்பயணம் புறப்பட்டது. பாபா ஆடாவ் போன்ற சோஷலிஸ்டுகளும் ஆதரித்துப் போராடினார்கள். கைதுகள், தடியடி, துப்பாக்கிச் சூடு என்று அது நீண்டது. 1980 பிப்ரவரியில் பவாரின் அரசு மத்திய அரசால் கலைக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள்: அந்துலே, பாபாசாகேப் போசலே, வாக்களித்த அதே வசந்த்தாதா, மராத்வாடாவைச் சேர்ந்த நிலங்கேகர், அதே பகுதியைச் சேர்ந்த எஸ். பி. சவாண், தீர்மானம் கொண்டுவந்த அதே பவார், பிறகு சுதாகர்ராவ் நாயக். ஒருவரும் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை. ஒருவரும் நிறைவேற்றவும் இல்லை. 1990இல் அம்பேத்கருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது. மறு ஆண்டு நாடெங்கும் நூற்றாண்டு விழா. தமிழில் தலித் இலக்கியம் ஓர் இயக்கமாகத் திரண்டதும் அந்த ஆண்டுகளில்தான். அப்போதும் ஔரங்காபாத்தின் பலகையில் பழைய பெயரே இருந்தது. 1980களின் பிற்பாதியில் மராத்வாடாவில் வேர்விட்ட சிவசேனை, நாமாந்தர் எதிர்ப்பையே தன் எருவாக்கிக்கொண்டது. தீர்மானம் போட்டுவிட்டுச் சும்மா இருந்த ஆட்சிகள்தாம் அந்த எருவைப் பக்குவப்படுத்திக் கொடுத்தன என்பேன். செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் விடுவது எதிர்ப்பவனுக்குக் காலத்தைக் கொடுக்கிறது. கேட்டவனிடமிருந்து அதைப் பறிக்கிறது.

பவார் 1993 மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். செப்டம்பர் 30 அதிகாலையில் கிள்ளாரி நிலநடுக்கம் மராத்வாடாவின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை உலுக்கி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நவம்பரில் நாந்தேடில் கௌதம் வாக்மாரே என்ற இளைஞர் பெயர் மாற்றம் கோரித் தீக்குளித்து இறந்தார். 1994 ஜனவரி 14 அன்று பெயர் அறிவிக்கப்பட்டது. அது மகர சங்கராந்தி நாள். மராத்தியர்கள் எள்ளும் வெல்லமும் கையில் கொடுத்து இனிமையாகப் பேசுமாறு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நாள். (நம் மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்ததும் ஒரு ஜனவரி 14 அன்றுதான், 1969இல்.)

அறிவிக்கப்பட்ட பெயர்: 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா வித்யாபீட்'. பழைய பெயர் போகவில்லை. அதன் முன் புதியது சேர்ந்தது. இதை நாமாந்தர் என்று சொல்லாமல் 'நாமவிஸ்தார்' என்றார்கள். பெயர் மாற்றம் அல்ல, பெயர் விரிவாக்கம். இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இதில் தனி ஆர்வம் உண்டு. தமிழைப் போலவே மராத்தியிலும் அடை முன்னே நிற்கும், அடைகொளி பின்னே வரும். 'பல்கலைக்கழகம்' என்னும் தலைச்சொல்லோடு ஒட்டி நிற்பது மராத்வாடா. அம்பேத்கரின் பெயர் அதற்கு வெளியே, முதல் அடையாக நிற்கிறது. முதலில் ஒலிப்பதால் ஒரு தரப்புக்கு நிறைவு. தலைச்சொல்லைப் பிரியாததால் மறு தரப்புக்கு ஆறுதல். தொகைநிலையைக் கொண்டு ஓர் அரசியல் சிக்கலைத் தீர்த்த அதிகாரி யாரோ, நல்ல இலக்கணப் புலமை உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். அதே ஆண்டு வந்த மகாராஷ்டிரப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாநிலத்தின் தனித்தனிப் பல்கலைக்கழகச் சட்டங்களை ஒன்றாக்கியது. 16 ஆண்டுகாலப் போராட்டம் அதன் அட்டவணையில் ஒரு வரியாக இடம்பெற்றது. மறு ஆண்டு சிவசேனை, பாரதிய ஜனதா கூட்டணி ஆட்சிக்கு வந்தது. எதிர்த்து வளர்ந்தவர்கள் அந்த வரியைத் தொடவில்லை. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு அனுபவத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மராத்வாடா எரிந்த அதே 1978இல் மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. ஊர் முன்னே, ஆள் பின்னே. ஒரு கல்லும் பறக்கவில்லை. ஆனால் 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் அறிவிக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு தலித் வீரரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். அரசு கண்ட தீர்வு, போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்குவது. அமைதி திரும்பியது, மறுக்கவில்லை. எனினும் யாருடைய பெயரை ஏற்க மறுத்துக் கலவரம் எழுந்ததோ அவருடைய பெயரையும், மற்றவர்களின் பெயர்களையும் ஒரே தட்டில் வைத்துத் துடைத்தது சமன்பாடு ஆகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆணையால் வந்த பெயர்கள் ஆணையால் போயின.

மகாராஷ்டிரத்துக்குத் திரும்புவோம். 1994இல் வேறு வழியின்றிக் கண்டெடுத்த அந்தப் பெயர்ச் சூத்திரம் பின்னர் மாநிலத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2005இல் நாக்பூர், 'ராஷ்டிரசந்த் துக்கடோஜி மகராஜ் நாக்பூர் பல்கலைக்கழகம்' ஆனது. 2014இல் புணே, 'சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழகம்' ஆனது. 2018இல் வடக்கு மகாராஷ்டிரப் பல்கலைக்கழகத்தின் முன் 'கவயித்ரி பஹிணாபாய் சௌதரி' சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர் குடும்பப் பெண். அவர் வயலிலும் திரிகையடியிலும் பாடியவற்றை மகன் சோபான்தேவ் எழுதிவைக்க, அவர் மறைந்த பிறகு 1952இல் அவை நூலாக வந்தன. அப்படி ஒருவரின் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது என்பது மகிழ்ச்சியான செய்தி. 2019இல் சோலாப்பூருக்கு அஹில்யாதேவி ஹோல்கரின் பெயர். எல்லாவற்றிலும் ஆள் முன்னே, இடம் பின்னே, அட்டவணையில் ஒரு திருத்தம்.

இவற்றுள் நான் மிகக் கவனித்தது பர்பணியை. 1978இல் அதிகம் எரிந்த மாவட்டங்களில் ஒன்று அது. அங்கே 1972 முதல் மராத்வாடா வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013இல் அதன் பெயருக்கு முன் முன்னாள் முதல்வர் வசந்த்ராவ் நாயக்கின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே மராத்வாடா, அதே சொல், முன்னே ஓர் ஆளின் பெயர். மராத்வாடாவின் அஸ்மிதாவுக்கு அதனால் ஊறு நேர்ந்ததாக எந்தக் கிராமமும் கருதவில்லை.

2023இல் ஔரங்காபாத் நகரம் சத்ரபதி சம்பாஜிநகர் ஆயிற்று, உஸ்மானாபாத் தாராசிவம் ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் பெயரில் நகரப்பெயர் இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14 அன்று அதன் வாயிலில் நீலக்கொடிகளோடு மக்கள் கூடி நாமவிஸ்தார் நாளைக் கொண்டாடுகிறார்கள்.

சொல்ல விட்டுப்போன செய்தி ஒன்று. 1994இன் ஏற்பாட்டில் இன்னொரு பகுதியும் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று, ஹைதராபாத் விடுதலை நாளில், பழைய பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து நாந்தேடில் புதிய பல்கலைக்கழகம் நிறுவினார்கள். விடுதலைப் போராட்டத் தலைவரான சுவாமி ராமானந்த் தீர்த்தரின் பெயர் அதற்கு. 'மராத்வாடா' அதிலும் உண்டு. நாந்தேடு, பர்பணி, லாத்தூர் மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. டெம்பூர்ணி கிராமம் நாந்தேடு மாவட்டத்தில் இருக்கிறது. போச்சிராம் காம்ப்ளேயின் ஊரிலிருந்து அம்மாவட்டக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் பெறும் பட்டத்தில், அவர் எதற்காகக் கொல்லப்பட்டாரோ அந்தப் பெயர் இல்லை.